முட்டை சுமக்கும் ஸ்டர்ஜன் மீனும் சுவரோரத்து மோட்டாரும்

அனுப்புநர்:
மீன் உடலியல் ஆய்வாளர்,
தரைத்தளத் தொட்டி அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நன்னீர் மீன் ஆய்வு நிலையம்.

பொருள்: தொட்டி அறைச் சுவரையொட்டிய தண்ணீர் மோட்டாரை இடம் மாற்றக் கோருதலும், என்னிடம் கேட்ட விளக்கத்துக்குப் பதிலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. ஸ்டர்ஜன் மிகப் பழைய மீனினம். ஆற்று நீர் சூடேறும்போது அது படும் அவதியை, இரத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் கொண்டு அளப்பதே என் பணி. தாங்கள் ஒப்புதல் தந்த பணி. இந்நிலையில், மாடிக்குத் தண்ணீர் ஏற்றக் கட்டடப் பொறியாளர் புது மோட்டாரை எங்கள் சுவரோடு ஒட்டிப் பொருத்தினார். அன்று முதல் தொட்டி நீர் அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

2. முறையிட்டதும் அவர் வந்து எட்டிப் பார்த்து, "மீனு அது பாட்டுக்கு சும்மாதானே கெடக்கு, உங்ககிட்ட வந்து அழுதுச்சா மேடம்?" என்றார். 'மீன்கள் அமைதியாக உள்ளன' என்று அறிக்கையும் எழுதினார். ஐயா, ஓயாமல் நீந்த வேண்டிய மீன் அடியில் ஒண்டிக் கிடப்பதுதான் என் புகாரே.

3. இரத்தப் பரிசோதனை முடிவை நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பினேன். கெண்டை மீனுக்கு இருப்பதைவிடக் கார்டிசால் குறைவுதானே என்று திருப்பிவிட்டார்கள். இந்த இனத்துக்குக் கார்டிசால் ஏறுவதே சொற்பம். அந்தச் சொற்பமே அதற்குப் பெரிது. இதை எத்தனை முறை எழுதினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

4. சென்ற வாரம் இரு பெண் மீன்களில் இளையது இறந்தது. அறுத்துப் பார்த்தோம். முட்டைகள் முற்றாமலே சுருங்கிக் கரைந்திருந்தன. "அக்கா, பெரியம்மாவையும் இப்படியே விட்ருவோமா?" என்று தொட்டிப் பராமரிப்பாளர் கேட்டார். பெரியம்மா என்பது மூத்த மீன்; அதன் வயிற்றிலும் முட்டை இருக்கிறது. நேரே போய் மோட்டாரை நிறுத்தினேன்.

5. மீன் செத்தபோது தலைகாட்டாதவர்கள், மாடியில் கைகழுவத் தண்ணீர் இல்லை என்றதும் ஓடி வந்தார்கள். மோட்டார் மறுபடி ஓடுகிறது. என்னிடம் விளக்கம் கேட்டு ஓலையும் வந்துவிட்டது. என் விளக்கம் இதுதான்: மோட்டார் நின்றிருந்த கொஞ்ச நேரத்தில் பெரியம்மா அடியிலிருந்து எழுந்து தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி நீந்தியது. நாங்கள் இருவரும் பார்த்தோம். நிறுத்தியதற்கு நான் வருந்தவில்லை.

ஆகவே மோட்டாரைக் கட்டடத்தின் பின்புறத்துக்கு உடனே மாற்ற ஆணையிட வேண்டுகிறேன். என்மீது நடவடிக்கை அவசியமெனில் தாராளமாக எடுக்கலாம். பெரியம்மா முட்டையிடும் வரை மட்டும் பொறுத்தருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தொட்டி அறை
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
(கையொப்பம்)
மீன் உடலியல் ஆய்வாளர்