சூடாக இருந்த இன்ஜின்

வைகாசி, வெள்ளிக்கிழமை.

வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு வெண்ணந்தூர் அழைத்துவரத்தான் இந்தப் பழைய காரை வாங்கினேன். பார்க்கப் போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. எனக்காகத் தயாராக வைத்திருக்கிறார் என்று விற்றவரின் மரியாதையை மெச்சினேன். ஆறிக் கிடந்தால் அது போடும் சத்தம் தெரிந்துவிடும் என்பது மறுநாள் காலையில்தான் இந்த மேதைக்குப் புரிந்தது.

இன்று பள்ளிபாளையத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருச்செங்கோடு தாண்டியதும் எந்தக் கியர் போட்டாலும் இன்ஜின் மட்டும் உறுமியது, வண்டி நகரவில்லை.

"அப்பா, என்னைய எறங்கித் தள்ளச் சொல்லீராதீங்க" என்று மகள் சிரித்தாள்.

அவள் போன் செய்ததும் மாப்பிள்ளை தன் அம்மாவோடு காரில் வந்தார்.

"பாதி வழியில நின்னது சகுனம் சரியில்லீங்க. பிரசவத்த எங்க ஊட்டுலயே பாத்துக்கறமுங்க" என்றார் சம்பந்தியம்மா.

மறுத்துப் பேச என்னிடம் ஓடுகிற வண்டி இல்லை.

காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன். ஆரத்தித் தட்டோடு நின்ற மனைவி என் பின்னால் எட்டிப் பார்த்தாள். கியர்பாக்ஸ் போனதை விவரமாகச் சொன்னேன்.

"புள்ள அழுதாளா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அவள் மாப்பிள்ளையின் காரில் ஏறும்போது நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.