காதில் எடுத்த இரத்தம்

1912 ஆகஸ்டு 9, வெள்ளி.

விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்காக இந்த மாதமும் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். இருபது வருஷம் லேஸ் பின்னியதில் என் விரல்நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. புது நர்சு தவமணி மூன்று விரல்களில் ஊசி குத்தியும் கண்ணாடித் துண்டில் தடவ ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"காதுல எடுக்கட்டுமாக்கா?" என்றாள்.

வெட்கமாகிவிட்டது. சிறு வயதில் அம்மா ஈயக் குணுக்குப் போட்டு இழுத்து வளர்த்த நீளக் காது. வீட்டுக்காரர் இறந்த அன்று பாம்படத்தைக் கழற்றியதிலிருந்து வெறுமனே தொங்குகிறது. முக்காட்டுக்குள்ளேயே வைத்திருப்பேன். தவமணி அதைக் கையில் எடுத்து, சூடேறும்படி இரண்டு விரலால் மெதுவாகத் தேய்த்தாள். குத்தியதும் இரத்தம் வந்துவிட்டது. பிறகு பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

வலிக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக அந்தக் காதை யாரும் தொட்டதில்லை.

"வலிக்குது" என்றேன்.

"அப்போ இன்னுங் கொஞ்ச நேரம் பைய பிடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

நான் சொன்னது பொய். மன்னிப்புக் கேட்கலாமென்று இப்போது ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். கேட்க மனம் வரவில்லை.