அப்பாவின் காலும் உன் கணக்கும்

செம்பூர், பம்பாய்-71
14-8-1968

அன்புள்ள மகன் தனசீலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உயிரோடும் புத்தியோடும் இருக்கிறோம், நீயும் அந்த மான்செஸ்டரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தது, அப்பா நலம் என்று மட்டும் தந்தி கொடுக்கச் சொன்னேன். மீதியை எழுத இப்போதுதான் கை வந்தது. அப்பாவின் இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை ராசா.

கால் விரல் கறுத்ததும், தொடை வழியாக ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்கிற அந்த மெல்லிய குழாயை விட்டுப் பார்த்ததும், அடைப்புக்கு அந்தப் பக்கம் அழுத்தம் மிகக் குறைவு, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். நீ கணக்குப் போட்டு ஆராய்ச்சி செய்வதே அதைத்தானே. குறுகின இடத்தில் கதீட்டரும் நுழைந்தால் ரத்தம் போக வழி இன்னும் குறையும், அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்று நீ முன்பு எழுதியதை டாக்டரிடம் சொன்னேன். அவர் மாதுங்காவில் இருக்கிற தமிழர்தான், கோபிக்கவில்லை. "அது எங்களுக்கும் தெரியும்மா, எவ்வளவு குறைச்சுக் காட்டறதுன்னுதான் தெரியலை. உங்க பிள்ளை சொன்னா கேட்டுக்கறேன்" என்றார். அப்படியானால் கால் தப்புமோ என்றுதான் உனக்கு அவசரமாக எழுதினேன். உன் பதில் வரும்வரை அப்பா சம்மதக் கையெழுத்துப் போடவில்லை.

உன் கணக்கில் ரத்தக் குழாய் நேராக, விறைப்பாக இருக்கிறது, ரத்தம் சீராக ஓடுகிறது, அப்பாவின் கால் அப்படியில்லை, அதை நம்பிக் கால் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன், டாக்டர் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள் என்று எழுதினாய். எனக்கு உன்மேல் அப்படி ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் படித்து, சொந்த அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று அடுப்படியில் நின்று அழுதேன். அப்பாதான், "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுதாம்ட்டி. வேற என்ன சொல்லணுங்கே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் வெளியே வந்து, உள்ளே சதை செத்து அழுகல் மேலே ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் காத்திருந்தால் ஆளே போயிருப்பார் என்றார். என் மனசுக்கு இதமாக நீ ஏதாவது எழுதியிருந்தால் நாங்கள் காத்திருப்போம்.

படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் ஐயா. அப்பாவிடம் சொன்னேன். "வந்து எனக்கு முட்டுக் குடுக்கவா போறான்? அந்தக் கணக்க முடிச்சிட்டு வரச் சொல்லு. அடுத்தவன் காலுக்காவது ஆவும்லா" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இல்லாத பாதம் அரிக்கிறது என்கிறார், நானும் அந்த இடத்தில் போர்வையைச் சொறிந்துவிடுகிறேன். அவரோடு டிராம்பேயில் வேலை செய்கிற ஷாகுல் ஹமீது வந்து, இவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டுப்பார்ப்பதாகச் சொன்னார், நிச்சயமில்லை. மழை விடவில்லை, துணி காயவில்லை, வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம், இனி மாடிப்படியில் இவரை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. எனக்கு அலுப்புத்தான், நோய் ஒன்றுமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கும் கண்ணுக்கும் கர்த்தர் பெலன் தரட்டும். அப்பாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுத மறக்காதே. அவருக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை ஜோடியாகவே அனுப்பு. ஒன்று நனைந்தால் மற்றதைப் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ரோசம்மா ஞானசேகரன்