துணைக் கேள்வியை மட்டும் கேட்காதே

பிப்ரவரி 6

அன்புத் தங்கை வாயாடிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் நானும் உன் அத்தானும் பெண்ணும் உடம்புக்கு நலம். மனசு எப்படி என்று கேட்காதே; அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ தேர்தலில் ஜெயித்துச் சபை உறுப்பினராகி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அக்காவுக்கு ஒரு வரி உண்டா? டிவியில் முகத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டாய். போகட்டும். போன வாரம் சபைக்குக் கட்டிக்கொண்டு வந்தாயே ஒரு சாம்பல் நிறச் சேலை, அது உனக்கு எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாய்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

அவர் வேலை உனக்குத் தெரிந்ததுதான். சபையில் நீங்கள் கேட்கிற கேள்வி சுகாதார அமைச்சகத்துக்கு வந்தால், அமைச்சர் எழுந்து படிக்க வேண்டிய பதிலை எழுதிக் கொடுக்கிறவர் அவர். எழுதியதை வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டுவார். "புரியுதா?" என்பார். "புரியுதுங்க" என்றால், "அப்ப மாத்தணும்" என்று போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். எட்டாவதோடு நின்று, உன் பழைய பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மீதியைத் தானாகப் படித்தவள் நான். எனக்கே புரிந்தால் ஊருக்கெல்லாம் புரிந்துவிடுமாம்.

இந்த வாரம் அவர் மேசைக்கு வந்தது உன் கேள்வி. பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிறார்களே, அந்த ஊசி மருந்தைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். "புகார் எதுவும் அமைச்சகத்தின் பதிவில் இல்லை." இவ்வளவுதான் பதில். எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் மாற்றவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை.

குடைந்து குடைந்து கேட்டதில் சொன்னார். மூன்று ஆஸ்பத்திரி டாக்டர்கள் அந்த மருந்து வேலை செய்யவில்லை, தாய்மார் சாகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களைப் பதிவில் ஏற்றாமலே, 'உரிய வழியாக அனுப்பவும்' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதிவில் இல்லை என்பது அதனால் பொய்யும் இல்லையாம்.

உன் கேள்விக்கு அங்கே யாரும் பயப்படவில்லை. அமைச்சர் பதிலைப் படித்து முடித்ததும் நீங்கள் மறுபடி எழுந்து கேட்பீர்களே, அந்தத் துணைக் கேள்விக்குத்தான் பயம். அம்மா தாயே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உன் கேள்வி சபைக்கு வரும் 25-ஆம் தேதி வேறு எதை வேண்டுமானாலும் கேள். கடிதங்களைத் திருப்பி அனுப்பிய விஷயத்தை மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே. அமைச்சகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மேலதிகாரி, தபால் பிரிவில் சீட்டு ஒட்டிய பெண், உன் அத்தான். வெளியே வந்தால் முதலில் யார் கழுத்தைப் பிடிப்பார்கள்?

பைசா பார்த்துச் செலவு செய்கிறவள் நான். வார்த்தையையும் அப்படித்தான். இன்றைக்கு இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டேன். பதிலை வீட்டுக்கு எழுதாதே. நான் துணி தைக்கக் கொடுக்கும் தையல்காரம்மா கடைக்கு எழுது. விலாசம் பின்னால் இருக்கிறது.

உனக்காகவும் சேர்த்து விளக்கேற்றும்,
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடியின் வணக்கம். எழுதாதது என் தப்புதான், இரண்டு குட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சாம்பல் நிறச் சேலை, நான் ஜெயித்ததற்கு நீ எடுத்துக் கொடுத்தது. இனிமேல் சேலையைப் பற்றிப் பேசும்போது யோசித்துப் பேசு.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், பதறாதே. திருப்பி அனுப்பிய கடிதங்களைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. உன் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சாவு. என் அலுவலகத்துக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். கையில் பிறந்து இருபது நாள் ஆன பெண் குழந்தை. அதைத் தூக்கத் தெரியாமல், கண்ணாடிச் சாமான் பார்சலைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். "ஊசி போட்டாங்கம்மா, ரத்தம் நிக்கல. இன்னொண்ணு போட்டாங்க, நிக்கல. மருந்துல ஏதோ கோளாறுன்னு நர்ஸம்மா அழுதாங்க. அப்புறம் கேட்டா நான் அப்படிச் சொல்லவே இல்லைங்கிறாங்க" என்றார். அதை வைத்துத்தான் கேள்வி கொடுத்தேன். அமைச்சர் 'பதிவில் இல்லை' என்று படித்திருந்தால், மேலே என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது தெரியும். நீ சொல்லித் தெரியும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அக்கா? வேறு யாராவது சொல்லியிருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன்.

அத்தானை நன்றாகச் சாப்பிட வை. மகளுக்குச் சித்தியின் முத்தம்.

உன்
வாயாடி


பிப்ரவரி 14

தங்கைக்கு,

நலமா என்று கேட்கக்கூடக் கை ஓடவில்லை. தையல்காரம்மா கடையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். "என்னக்கா, வேர்த்துக் கொட்டுது? வீட்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நானே கொண்டுவந்த கெட்ட சேதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கேட்காதே, கேட்காதே என்று கெஞ்சியே எதைக் கேட்க வேண்டும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டேனே. எனக்கு எவ்வளவு அறிவு பார்.

என் முதல் கடிதத்தைக் கொளுத்திவிடு. இதையும் கொளுத்து.

இங்கே நடப்பதைக் கேள். அந்தத் தபால் பிரிவுப் பெண்ணை ஒரே நாளில் எங்கோ தூரத்து அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் மேசையில் தண்ணீர் பாட்டில் இன்னும் இருக்கிறதாம், எடுத்துப்போகக்கூட விடவில்லை. மேலதிகாரி உன் அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "கேள்வி கொடுத்திருக்கிற அந்தம்மா உங்களுக்குச் சொந்தமாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நேற்று மத்தியானம் ஒருவன் வந்தான். கேபிள் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்றான். "நாங்க யாரும் சொல்லலியேப்பா" என்றேன். "எல்லா வீட்டுக்கும் பாக்கிறோம்மா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தான். டிவி பக்கம் திரும்பவே இல்லை. கூடத்துச் சுவரில் நீயும் நானும் நிற்கிற படம் இருக்கிறதே, அதன் முன்னால் போய் நின்றான்.

"இவங்க டிவில வர்றவங்க மாதிரி இருக்காங்களே?"

"என் தங்கச்சி."

"அடிக்கடி வருவாங்களா?"

"இல்லப்பா."

"நல்லா பேசுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்கும் போகவில்லை, எதிர்வீட்டுக்கும் போகவில்லை. நான் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். தெருமுனையில் நின்ற காரின் முன்பக்கம் ஏறிக்கொண்டான்.

படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. யார் பார்த்தாலும் இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். அங்கே காலண்டரை மாட்டினேன், அது சிறிசாக இருக்கிறது.

பெண் கல்லூரியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாமே? வாங்கிக்கொள்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன். ஒரே வரிதான். செயலகத்தில் கொடுத்தால் முடிந்தது. கைப்பையில் இருக்கிறது.

கொடுப்பதற்கு முன்னால், அந்த லாரி டிரைவரின் மனைவி இறந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொகுதி ஆஸ்பத்திரி என்பதால் சும்மா பார்வையிட வந்ததாகச் சொன்னேன். தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். அதே மருந்து, அதே பெட்டிகள், நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. "இப்பவும் இதத்தான் போடுறீங்களா?" என்றேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற அனுப்பலியேம்மா. இன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்குப் போட்டோம். போட்டுட்டுக் கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறோம்" என்றார். அங்கே ஒரு டாக்டர் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார்.

வார்டில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள் அக்கா. நம் மகள் வயதுப் பெண்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு ஏதாவது வந்துவிட்டால் நான் எந்தச் சபையில் போய் யாரைக் கேட்பேன்? அதனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன். நீ வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னால் அந்த ஒற்றை வரியைக் கொடுத்துவிடுகிறேன். காரணம் கேட்க மாட்டேன், வருத்தமும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வாயாடி


பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, நேரில் இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். நீ உறுப்பினர், நீ படித்தவள், ஊர் உனக்கு ஓட்டுப் போட்டது. தீர்ப்பு மட்டும் அக்கா சொல்ல வேண்டுமா? உன் பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, வருத்தமில்லை என்று வேறு எழுதுகிறாய்.

இரண்டு நாள் சாமி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். என் வீட்டைக் காப்பாற்று என்று கேட்கத்தான் வாயைத் திறக்கிறேன். கையைக் கூப்பியதும் அந்த நர்ஸ் கையைக் கூப்பி நிற்பதுதான் கண்ணுக்குள் வருகிறது. அவளும் அவனிடம்தான் கேட்கிறாள். எங்கள் இரண்டு பேரில் யார் பேச்சை அவன் கேட்பான் என்று நினைத்ததும் எதையும் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதியதை, உளறியதை, நீ ஆஸ்பத்திரிக்குப் போனதை. கத்துவார் என்று நினைத்தேன். வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பதில்ல ஒரு பொய்கூடக் கிடையாது, தெரியுமா? ஒவ்வொரு வார்த்தையும் நெஜம். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"என்னங்க பண்றது?"

"துணைக் கேள்வி என்னென்ன வரும்னு முன்கூட்டியே யோசிச்சு, பதிலோட கட்டி அமைச்சர் கையில குடுக்கணும். அதுவும் என் வேலைதான். நேத்து கட்டிக் குடுத்துட்டேன்."

"அதுல அந்தக் கடித விஷயம்?"

"இல்ல. கேட்டா அமைச்சர் கையில பதில் இருக்காது."

"ஏன்னு கேட்டா?"

"தோணலன்னு சொல்லுவேன். இருவது வருஷம் வேலை பாத்தும் மடையன்னு எழுதி எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. மடையனுக்கு ஜெயில் கிடையாதும்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் உன்னிடம் சொல்லச் சொன்னது இது. சீட்டு ஒட்டித் திரும்பிப் போன கடிதங்கள் அந்த டாக்டர்களிடம்தான் இருக்கின்றன. உன்னிடம் வாயெடுத்துவிட்டுப் போனாரே, அவரை மறுபடி தேடிப் போ. கடிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திரு. கையில் காகிதம் இருந்தால் யார் சொன்னார்கள் என்ற பேச்சு உன் அத்தான் பக்கமும் வராது, தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போன அந்தப் பெண் பக்கமும் வராது. டாக்டர் கொடுக்காவிட்டால் கேட்காதே. அவருக்கும் வீடு இருக்கும், அவர் வீட்டிலும் எங்களைப் போல் யாராவது கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. நேற்று மேலதிகாரி மறுபடி கேட்டாராம், இந்தத் தடவை சிரிக்காமல். உன் அத்தான், "சம்சாரத்தோட தங்கச்சிதான் சார். பேச்சுவார்த்தை கிடையாது, அம்மா வீட்டுச் சொத்துல தகராறு" என்று சொல்லிவிட்டார். அம்மா விட்டுப்போன சொத்து ஒரு தையல் மெஷின். அதையும் நீதான் என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாய். வாய் கூசாமல் அவர் சொன்ன முதல் பொய் இது. அது ஆண்டவன் கணக்கில் பொய்யாக நிற்கக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாமலே இருந்துவிடுவோம்.

இதுதான் கடைசிக் கடிதம். எழுதாதே, வராதே, யார் மூலமாகவும் விசாரிக்காதே. பெண்ணின் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டேன். யாராவது கேட்டால் என்னைப் பற்றி நாலு வார்த்தை தாறுமாறாகச் சொல். உனக்கா சொல்லித் தர வேண்டும்? நானும் சொல்வேன். தையல்காரம்மாவிடம் இப்போதே ஆரம்பித்துவிட்டேன், அவள் என்னைவிட அதிகமாக உன்னைத் திட்டுகிறாள். இது எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

25-ஆம் தேதி காலையில் நான் டிவி போடமாட்டேன். முகத்தில் முழிக்காத தங்கையை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சபை நடக்கிறதைப் பார்ப்பது நாடகம் பார்க்கிற மாதிரி, ஒருநாள் விடமாட்டார். எங்கள் சமையலறைச் சுவர் மெல்லிசு. நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன்.

கொஞ்சம் சத்தமாகக் கேள்.

அக்கா