பிறகு மோலி

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் கைடு, ப்ரூஃப் பிழை திருத்த வேண்டியது 64 பக்கம். நாளைக்குள் தர வேண்டும். ஒன்பது பக்கத்தோடு நிற்கிறது.

எப்படி ஓடும்? சேர்மனுடைய மெயில்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன! பதினைந்து வருடக் கடிதங்கள். யாரோ மொத்தமாக எடுத்து இணையத்தில் கொட்டிவிட்டார்கள். அமைச்சர் வீட்டார், ஓய்வுபெற்ற அதிகாரிகள், சினிமாக்காரர்கள் அவருக்கு எழுதியவை. அவர் அவர்களுக்கு எழுதியவை. தேடுவதற்கு ஒரு பெட்டி வேறு. பெயரை அடித்தால் வந்து விழுகிறது.

எதிர் ஃபிளாட் மாமி கையில் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"டீவி போட்டியோ? பெரிய மனுஷான்னு சொல்லிண்டு திரியறவா லட்சணத்தைப் பாரு. ஒருத்தர் சபால முன் வரிசை சீட்டு கேட்டுண்டு நாலு லெட்டர் எழுதியிருக்கார். நாலு! நான் வருஷா வருஷம் க்யூல நின்னுண்டிருக்கேன்."

நானும் அந்தச் சேர்மனிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்று மாமிக்குத் தெரியாது. சொல்லவில்லை.

கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன். கோபாலபுரத்தில் சேர்மனுடைய டிரஸ்ட் நடத்திய குழந்தைகள் படிப்பகம். ஊழியர்கள் இரண்டே பேர், நானும் ரெஜினாவும். அரசு படிப்பகத்துக்கென்று கொடுத்த இடம். அதை விருந்தினர் மாளிகை ஆக்க ஆசைப்பட்டார்கள். "குழந்தைகள் யாரும் வருவதில்லை" என்று எங்கள் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். தினமும் பிள்ளைகள் பாய் போதாமல் வெறுந்தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த காலம் அது. இடம் கொடுத்த அரசுத் துறைக்கு நான் ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். பெயர் இல்லை. கையெழுத்து இல்லை. பிரவுசிங் சென்டரில் டைப் அடித்தது. ரெஜினா ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

ஒன்பதாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். "எழுதினது நீங்கதான்னு தெரியும்." அவ்வளவுதான், வேலை போயிற்று, படிப்பகமும் மூடியாயிற்று. யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருந்ததாகத் தோன்றவில்லை.

ரெஜினாவிடம் பேசி ஒன்பது வருடம். டிரஸ்ட் பள்ளியிலேயே அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நம்பினேன்.

இப்போது அந்தப் பெட்டி. தேன்மொழி என்ற என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். ழ-வுக்கு இசட் எச் போட்டு: ஒன்றுமில்லை. எல் போட்டு: இல்லை. எச் இல்லாமல், இரண்டு எல், நடுவில் இடைவெளி விட்டு. இல்லை, இல்லை, இல்லை.

பிறகு ரெஜினா என்று அடிக்கக் கை போனது. ஆர் மட்டும் அடித்தேன். அழித்துவிட்டேன். அவள்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தாகிவிட்டது. கண்ணால் பார்ப்பது வேறு.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. புழுக்கம். 64 பக்கமும் கொடுத்தாயிற்று. 'சட்டமன்றம்' ஓர் இடத்தில் 'சட்டமற்றம்' ஆகியிருந்தது. திருத்த மனமே வரவில்லை.

ஊர் முழுக்க ஒரே கேள்வி: மோலி யார்?

சேர்மன் மேனேஜருக்கு எழுதிய ஒரு வரி எல்லாச் சேனலிலும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர்கள் தமிழில் போடுவது: "இதை முடி. பிறகு மோலி." பின்னணியில் இடி முழக்கம். ஒரு பெண்ணின் கறுப்பு உருவம், முகத்தில் கேள்விக்குறி.

கேட்டவை:

மாமி: "வெள்ளைக்காரியாம்டி. ஊட்டில எஸ்டேட் வாங்கிக் குடுத்திருக்காராம். ஆத்துக்காரிக்குத் தெரியாதாம், பாவம்."

பாண்டி பஜார் போன ஆட்டோக்காரர்: "ஆளே இல்ல மேடம். கோடு வேர்டு. தங்கத்துக்கு மோலின்னு பேர் வச்சிக்கினு கீறானுங்க."

என் வீட்டுக்காரர் சேகர், சாப்பிட்டுக்கொண்டே: "நாய்க்குட்டியா இருக்கும் தேனு. பெரிய எடத்துல நாய்க்குத்தான் இப்படிப் பேர் வைப்பாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போன மனுஷன், சில நேரம் நன்றாகத்தான் பேசுகிறார்.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும். ஜன்னல் கொசுவலைக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

மாலை பனகல் பார்க் பஸ் ஸ்டாப். ஆபீஸில் எல்லாரும் ஃபோனில் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். நின்றுகொண்டே நிரப்பினேன். பெயர்க் கட்டம். அவசரத்தில் இசட் எச் அடிக்காமல் எல் அடித்துவிட்டேன். ஃபோன் தானே திருத்திக்கொண்டது.

தென் மோலி.

இரண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் முதல் வார்த்தைக்குப் 'பிறகு' என்று அர்த்தம். இரண்டாவது ஒரு வெள்ளைக்காரியின் பெயர்.

நாற்பத்தாறு வயதில் நடு ரோட்டில் "ஐயோ!" என்று கத்தினேன். பூக்காரம்மா, "இன்னாம்மா, பர்ஸ் போச்சா?" என்றார். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை.

சேர்மனுக்கு ழ வராது. ஆறு வருடமும் "தேன்மொலி" என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டபடியே எழுதியிருக்கிறார். மீதியை அவருடைய ஃபோன் பார்த்துக்கொண்டது.

டீவியில் காட்டுகிற அந்த வரியைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஃபினிஷ் திஸ் தென் மோலி." நடுவில் புள்ளி கிடையாது! 'தென்' பெரிய எழுத்தில் தொடங்குகிறது. புள்ளியில்லாத வாக்கியத்தின் நடுவில் எதற்குப் பெரிய எழுத்து? பெயர், அதனால்தான். இருபது சேனல், முப்பது நிபுணர், ஒருவர்கூட ப்ரூஃப் பார்க்கவில்லை. "இதை முடி, பிறகு மோலி" அல்ல. "இந்தத் தேன்மொழியை முடித்துவிடு."

வெள்ளைக்காரி, தங்கம், நாய்க்குட்டி. மூன்றும் நான்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. சேகரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் முழுவதும் படிக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். வயிற்றுவலி என்று. சேகர் கிளம்பியதும் கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல மழை. ஒரு குழந்தைகூடப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை போலிருக்கிறது, தெருவே அமைதி. குழந்தைகள் தினம் இன்று. படிப்பகத்தில் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுப்போம்.

மோலி என்று அடித்தேன். பதினான்கு மெயில்.

எல்லாம் ஆங்கிலம். முக்கியமானதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

மேனேஜர் சேர்மனுக்கு: துறையில் இருக்கும் நம் ஆள் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறார். பெயர் போடவில்லை.

சேர்மன்: யார்?

மேனேஜர்: கண்டுபிடிப்பது கஷ்டமில்லை சார். இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. க், ச், த், ப் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நம்மிடம் இப்படி எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான்.

சேர்மன்: தென் மோலி?

மேனேஜர்: ஆம் சார். தென் மோலிதான்.

(மேனேஜருக்கு என் பெயர் நன்றாகவே எழுத வரும். சம்பளச் சீட்டில் எழுதியவர் அவர்தான். ஆனால் சேர்மன் எழுதியதைத் திருத்துகிற வழக்கம் அந்த ஆபீஸில் இல்லை. அவர் மோலி என்றால் எல்லாருக்கும் மோலி.)

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, யாரும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தது நான். மொட்டைக் கடிதம் எழுதுகிறவள் ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு எழுத வேண்டாமா? பெயரை மறைத்தேன், 'குழந்தைகளுக்குக் கொடுத்த இடம்' என்று அழகாகக் 'க்' போட்டேன். அடித்து முடித்ததும் இரண்டு முறை சரிபார்த்தது வேறு நினைவிருக்கிறது. அதில் ஒரு பெருமை.

இது பத்தாவது மெயில் வரைக்கும். பதினொன்றாவது:

மேனேஜர்: இன்னொருத்தி, ரெஜினா, தானாக என் அறைக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தான்தான் எழுதியதாகச் சொல்கிறாள். மோலிக்கு அதில் சம்பந்தமே இல்லையாம். பேப்பரும் பேனாவும் கொடுத்து முதல் பத்தியை எழுதச் சொன்னேன். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் 'க்' இல்லை. நான்கு வரியில் ஏழு தவறு. பொய் சொல்கிறாள்.

சேர்மன்: இருவரையும் அனுப்பிவிடு.

திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. மாமி கதவைத் தட்டினார். "தேன்மொழி! மோலி யாருன்னு தெரிஞ்சுடுத்தாம்! டெல்லில ஒரு வக்கீலாம்!" திறக்கவில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியாதபோது எப்படித் திறப்பது?

ரெஜினா. ஏழு தவறு.

நவம்பர் 15, சனி

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

சேகரிடம் சொன்னேன். பதினான்கையும் காட்டினேன். முதலில் நம்பவில்லை. பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நாய்க்குட்டின்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்க."

"அத விடுங்க."

"வெளிய சொல்லாத தேனு. மைக்க தூக்கிட்டு மாடிப்படில வந்து நிப்பானுங்க."

"டீவிக்கு யார் சொல்லப் போறா? ரெஜினாகிட்டச் சொல்லணும்."

"ஒன்பது வருஷம் கழிச்சா? என்னன்னு சொல்லுவ?"

அதுதான் தெரியவில்லை. 'உன்னைச் சந்தேகப்பட்டேன்' என்றா? அது அவளுக்குத் தெரியும். வேலை போன பிறகு அவள் இரண்டு முறை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. லஸ் முனையில் ஒருமுறை எதிரில் வந்தாள், ரோட்டைக் கடந்துவிட்டேன். அவள் கையை உயர்த்தி, பிறகு தலைமுடியைச் சரிசெய்வது போல மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்தேன். பார்த்தும் போனேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டால்? சாத்தட்டும். போகத்தான் வேண்டும். பயமாகவும் இருக்கிறது, ஓடிப் போகலாம் போலவும் இருக்கிறது. இப்படிப் பரபரப்பாக இருந்து எத்தனை நாளாயிற்று!

நாளை: சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள், பத்து மணிக்கு மேல். ஆப்பிள் வாங்கிப் போவதா? ஆப்பிள் ஆஸ்பத்திரிக்கு. வேண்டாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெறுங்கையோடு போனேன்.

பெசன்ட் நகர், மாதா கோயிலுக்குப் பின்னால் அதே சந்து. அவள் வீட்டு முன்னறை இப்போது ஜெராக்ஸ் கடை. டிரஸ்ட் பள்ளி வேலை எல்லாம் யாரோ கட்டிய கதை. பலகையில் நீல எழுத்து: இங்கு மனு எழுதி தரப்படும்.

ஒரு 'த்' இல்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து குரல். "இன்னா, போர்டப் பாத்துக்கினே நிக்கிற? ஒத்து வுட்டுப்போச்சா? உள்ள வா மோலி."

மோலி!

கொஞ்சம் பருத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். மெஷினை நிறுத்தவில்லை, யாருடைய ஆதார் கார்டோ ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழமயே. என் பேர்ல இன்னா ழவா கீது? ரெஜினான்னு அடிச்சேன், வந்துச்சு. நீ எப்ப வரேன்னு பாத்துக்கினு இருந்தேன். அஞ்சு நாள் ஆச்சு உனக்கு. படிச்சவ."

"ரெஜினா, நான்..."

"ஒம்பது வருசம்டி." இப்போது மெஷினை நிறுத்தினாள். "ஒரு வார்த்த கேட்டியா நீ? 'நீ சொன்னியா'ன்னு ஒரு வார்த்த? கேட்டிருந்தா இல்லன்னு சொல்லிருப்பேன். நானா வந்து நான் சொல்லல, நான் சொல்லலன்னு உன் வாசல்ல நிக்கணுமா?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அதையே சொன்னேன். "கேக்கல. தப்பு. என் தப்புதான்."

கார்டு வாங்க வந்த ஆள் வாங்கிக்கொண்டு போனார்.

"நீ எழுதினதா ஏன் போய்ச் சொன்ன?"

"ரெண்டு பேர்ல எவ எழுதுனான்னு கொழம்பட்டும்னு பாத்தேன். அந்தாளு பேனாவக் குடுத்து எழுதிக் காட்டுன்னான். பள்ளிகூடத்துல மாட்டிக்கினேன்." சட்டென்று சிரித்துவிட்டாள். "உங்கிட்ட ஆறு வருசம் திட்டு வாங்கியும் அது ஒண்ணு வரவே இல்ல எனக்கு."

நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். அவள் என் தோளில் ஓர் அடி வைத்தாள், வலித்தது. "நெத்திலி வறுத்துக்கீது. துன்னுட்டு அழு."

சாப்பிட்டோம். கை கழுவியதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாள் எடுத்துப் போட்டாள். துறைக்கு மனு. செவ்வாய்க்கிழமை இரவே எழுதிவிட்டாளாம். அந்த இடம் இன்னும் படிப்பகம் என்றுதான் அரசுக் கணக்கில் இருக்கிறது, திறக்க வேண்டும், நாங்கள் இருவரும் சாட்சி, பதினான்கு மெயிலும் இணைப்பு.

"இந்தத் தடவ மொட்ட இல்ல. பேரு போட்டுத்தான்."

படித்தேன். இரண்டாம் வரியில் 'பள்ளிகூடம்'. பேனா என் கையில். ஒரு 'க்' போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ரெஜினா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய வெச்ச, அவ்ளோதான். யாரு எழுதுனதுன்னு தெரியட்டும்."

தொடவில்லை. ஏழு தவறையும் அப்படியே விட்டேன். இல்லை, எட்டு. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நான். முழுப் பெயர், தமிழில், ழ-வை மட்டும் கொஞ்சம் பெரிதாக.