உள்ளே விட்ட துணி

கல்கத்தா

கண்ணம்மாவுக்கு,

நீ சொன்ன ஓவர்லாக் மெஷினை பவானிபூரில் வாங்கிவிட்டேன். அப்பா இளைக்க இளைக்க ஜிப்பாக்களை மறுபடி மறுபடி பிடித்துத் தைத்ததில், உள்ளே மடங்கிக் கிடக்கும் துணி அவர் விலாவில் உறுத்துகிறது. இந்த மெஷின் மிச்சத்தை வெட்டி ஓரமும் அடித்துவிடும் என்றாயே.

அப்பாவோ ஒவ்வொரு தடவையும், “துணியை வெட்டிடாதேடி, உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்” என்பார். அதனால், “மாஷிமா, வெட்ட வேண்டாமென்றால் கத்தியை மடக்கிவிடலாம்” என்று வங்காளிக் கடைக்காரர் காட்டிய மாடலையே எடுத்தேன். நாலு நூலைக் கோப்பதற்குள் பிராணன் போய்விட்டது.

இன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்கார்ந்தேன். கத்தியை மடக்கவில்லை. வெட்டுப்பட்ட துணி நீளநீளமாகக் காலடியில் விழுந்தது.

அப்பா ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, தையலின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. “இப்போ உறுத்தலை” என்றார்.

பூஜை லீவுக்கு வருவதாகச் சொன்னாய். அதற்குக் காத்திராதே. இந்த வாரமே டிக்கெட் கிடைக்குமா பார்.

உன் அம்மா