சொந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பது

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே நலத்துக்குக் குறைவில்லை, நிம்மதிக்குத்தான் பஞ்சம். உங்கள் கம்பெனி நடத்தும் புதுப் பள்ளியின் பேருந்து, நான் தலைமையாசிரியையாக இருக்கும் எங்கள் அரசுப் பள்ளி வாசலில்தான் வந்து நிற்கிறது. போன வருஷம் வரை என்னிடம் படித்த பிள்ளைகள், "வணக்கம் டீச்சர்" சொல்லிவிட்டு என் கண்ணெதிரே ஏறிப் போகிறார்கள். முதல் வகுப்புக்கு இந்த ஆண்டும் ஆள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். உங்கள் பள்ளிக்கு நிர்வாகி என் கூடப்பிறந்தவன் என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேருந்தையாவது தள்ளி நிறுத்தச் சொல்லேன்.

அக்கா

ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

கோபத்திலும் நலம் விசாரித்துவிட்டுத்தான் திட்டுகிறாய்! பேருந்து திரும்ப அந்தத் தெருவில் வேறு இடமில்லை. நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லையே, பெற்றவர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? மூடப்போகிற பள்ளியைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய்? எங்களுக்குத் தலைமையாசிரியை வேண்டும். பேசாமல் நீயே வந்துவிடு.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

வீடு வீடாக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கம்பெனிக் குடியிருப்பில் வெல்டரின் மனைவி கேட்டாள்: "டீச்சர், உங்க தம்பி பொண்ணுக்கும் அஞ்சு வயசாச்சே, எங்க சேர்க்கப்போறாரு? அவருக்குத் தெரியாததா! அங்கயே நாங்களும் சேர்த்துடறோம்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவன் பள்ளிக்கூடத்துலதாம்மா" என்றேன். உன்னைக் கேட்காமலே உனக்காகப் பதில் சொன்னேன். எனக்குப் பிள்ளை தேடப் போய் உனக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன், போ! அவளைப் பார்த்து அந்த வீட்டு வரிசை முழுக்க உன் பக்கம் சாய்ந்துவிட்டது. பெற்ற பிள்ளையைச் சேர்க்கிற இடத்தை நீ மோசமாக வைத்திருக்க மாட்டாய் என்று எனக்கும் மனசு இறங்கிவிட்டது. ஜூனில் உன் பள்ளிக்கே வேலைக்கு வருகிறேன். சின்னவளை முதல் வகுப்பில் நானே உட்கார வைக்கிறேன்.

அக்கா

மே 17

என் அக்காவுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய்! ஒரு சின்ன விஷயம். சின்னவளை நகரத்துப் பெரிய பள்ளியில் சேர்த்தாயிற்று. என் வீட்டுக்காரி ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் நிலையாக இருப்பதில்லை, உனக்குத் தெரியாததா? நீ வந்தால் சரியாகிவிடும். குடியிருப்பில் நீ சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். சேர்க்கை முடியும்வரை வாயைத் திறக்காதே, அக்கா.

தம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

ஊருக்குத்தான் உபதேசமா? நேற்று வெல்டர் வீட்டுக்குப் போய், "நான் சொன்னது தப்பும்மா, அவன் பொண்ணு அங்க படிக்கல" என்றேன். எங்கள் பள்ளியை மூடினாலும் மூடுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, "நீங்க எங்க இருப்பீங்க டீச்சர்?" என்றாள். "நம்ம பள்ளிக்கூடத்துலதான்" என்று வந்துவிட்டது வாயில்.

இன்று காலை மகளைக் கொண்டுவந்து விட்டாள். முதல் வகுப்பில் இதுவரை அவள் ஒருத்திதான். பாதியில் பள்ளியை மூடிவிட்டால் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் உன் பள்ளிக்கு வரமாட்டேன். எனக்கு இனி எழுதாதே. சின்னவள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை